ஆடி மாதத்துக்கு வாடகை

கார் விற்கிற கடையில் வேலை பார்ப்பவளுக்கு விலை என்ற சொல்லின்மேல் நம்பிக்கை இருக்காது. ஜெயசித்ராவுக்கும் இல்லை. தென்காசியில் திருநெல்வேலி ரோட்டில் இருந்த அந்த ஷோரூமில், வருகிறவர்களிடம் முதலில் ஒரு விலையைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, அப்புறம் ரிஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ், மிதியடி, சீட் கவர், ஹேண்டிலிங் சார்ஜ் என்று ஒவ்வொன்றாக அதன் தலையில் ஏற்றுவதுதான் நாலு வருஷமாக அவள் பார்த்த வேலை. "ஹேண்டிலிங்னா என்னம்மா, வண்டிய நீங்க கையில தூக்கிட்டா வந்திய?" என்று கடையம் ஊர்க்காரர் ஒருவர் கேட்டபோதுகூட அவள் சிரிப்பு மாறவில்லை. கேட்டவர்தான் கடைசியில் பணத்தைக் கட்டிவிட்டுப் போனார்.

அதனால், கனடாவில் இருக்கும் அவள் புருஷன் குற்றாலீஸ்வரன் ஆனி மாதத்தில் ஒருநாள் போனில், "இங்கன ஸ்டிக்கர்ல போட்டிருக்க வெலதான் சித்ரா, ஏமாத்துலாம் கெடையாது" என்று சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"வண்டி கொண்டு வார கூலி கேட்டியளா? பேப்பர் எழுததுக்குக் காசு? டயருக்கு வரி?"

மறுநாள் அவன் கேட்டுக்கொண்டு வந்து, கொஞ்சம் சோர்ந்த குரலில் சொன்னான். எல்லாம் இருந்தது. கண்ணாடியில் நம்பர் பொறிக்கத் தனிக் காசு. இன்சூரன்ஸ், புது ஆள் என்பதால் இரட்டிப்பு. அதெல்லாம் போகப் பனிக்காலத்துக்கென்று வேறு நாலு டயர் வாங்கியாக வேண்டும்.

பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் வள்ளித்தாய் தலையை நிமிர்த்தினாள். "அப்பம் வெயில்காலத்து டயர என்னல செய்வ?"

"வீட்டுக்குள்ள வச்சிக்கிடணும்மா."

"நல்ல ஊருக்குப் போனலே" என்றாள் வள்ளித்தாய், மறுபடி கீரைக்குக் குனிந்து.

ஆனாலும் வண்டி வேண்டும். அவன் வேலை பார்க்கும் குளிர்க் கிடங்கு ஊருக்கு வெளியே இருந்தது. பஸ்சை விட்டால், பனியில் முக்கால் மணி நேரம் நடை. எல்லாக் கூடுதல் செலவையும் முன்கூட்டியே ஜெயசித்ரா கணக்கில் கொண்டுவந்துவிட்டாள். அப்படியும் ஆயிரத்து எண்ணூறு டாலரை மட்டும் யாரும் தொடக் கூடாது என்று தனியே வைத்தார்கள். அது அவன் ஆவணியில் ஊருக்கு வந்துபோக டிக்கெட் பணம்.

அந்த டிக்கெட்டின்மேல் அவள் உயிரையே வைத்திருந்தாள் என்று சொன்னால் மிகையில்லை. தையில் கல்யாணம். பத்தொன்பது நாள் கூட இருந்துவிட்டு அவன் விமானம் ஏறினான். பதினேழாம் நாள் இருவரும் ஐந்தருவிக்குப் போனார்கள். மாசி வெயிலில் அருவி எங்கே இருக்கிறது? வெறும் பாறை நின்றது. தண்ணீர் வழிந்த தடம் கறுத்துக் கிடந்தது. குற்றாலத்துச் சாமி பேரை வைத்துக்கொண்டு, பொண்டாட்டியைக் கூட்டிவந்து காய்ந்த பாறையைக் காட்டுகிறோமே என்று அவனுக்கு வெட்கமாகிவிட்டது. "சாரல் முடியதுக்குள்ள வந்துருதேன். தண்ணி விழும்போது ரெண்டு பேரும் இங்கன வந்து நிப்போம்" என்றான். அங்கே ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் என்று பிரித்திருப்பார்கள், சேர்ந்து நிற்க முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் சொன்னான். ஆனாலும் அவள் நம்பினாள்.

வண்டி ஆடி இரண்டாம் தேதி அங்கே கடைக்கு வந்து சேர்ந்தது.

"ஆடியிலயா?" என்றாள் ஜெயசித்ரா. "ஆடியில யாராவது வண்டி எடுப்பாவளா?"

"கனடாவுக்கு ஏதுட்டி ஆடி?" என்று மாமியாரே கேட்டாள். மருமகள் விடவில்லை. வேறு யார் சொல்லியிருந்தாலும் அது வெறும் சாஸ்திரம். அவள் சொன்னது தொழில் தெரிந்தவளின் பேச்சு. ஆடியில் அவர்கள் ஷோரூமில் ஒரு சாவிகூடக் கை மாறாது. புக்கிங் மட்டும் நடக்கும். வந்த வண்டிகளெல்லாம் பின்பக்கத்து வேப்பமரத்தடியில், கண்ணாடியில் சொந்தக்காரர் பேரை ஒட்டிக்கொண்டு, ஆவணி பிறக்கும்வரை சும்மா நிற்கும். அதற்கு யாரும் காசு கேட்டதில்லை. கேட்கலாம் என்று மேனேஜர் முகம்மது கனி அண்ணாச்சிக்குத் தோன்றியதுகூட இல்லை.

"கடையில ஒரு மாசம் வச்சிருக்கச் சொல்லுங்க. நாங்கள்லாம் வைக்கோம்லா?"

"கேட்டுப் பாக்கேன்."

மறுநாள், "வச்சிருப்பாங்களாம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். வாக்கியம் பாதியில் நின்றது அவளுக்குத் தெரியவில்லை.

அந்த ஆடி முழுக்க அவள் பாதிக் கனவில்தான் இருந்தாள். ஷோரூமுக்கு ஆள் வரத்து இல்லை. சாரல் கண்ணாடிச் சுவரில் மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தது. எதிரே மலை இருக்கும், ஒரு பேச்சுப் பேசித் திரும்புவதற்குள் காணாமல் போயிருக்கும். மதியத்தில் கனி அண்ணாச்சி தொழப் போனதும், காட்சிக்கு நிறுத்திய காரின் இடப்பக்கச் சீட்டில் ஏறி, கதவை மூடிக்கொள்வாள். மூச்சில் கண்ணாடி வெளுக்கும். வண்டி மெல்ல நகர்வதுபோல் இருக்கும். மேலகரம் தாண்டி, குற்றாலச் சாலையின் மரங்களுக்கடியில் போய், எந்த இடத்தில் என்று தெரியாமல் சாரல் பனியாக மாறும். பக்கத்தில் அவன் இருப்பான். அப்போதுதான் நினைவு வரும், அந்த ஊரில் ஸ்டியரிங் இடப்பக்கம். அவள் உட்கார்ந்திருப்பது அவன் சீட்டில். பதறி அந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்வதற்குள் கனவு கலைந்து, கனி அண்ணாச்சி கண்ணாடியைத் தட்டிக்கொண்டு நிற்பார். "ஏம்மா, வண்டிய ஓட்டிட்டுப் போயிராத, ஹேண்டிலிங் சார்ஜ் கட்டணும்" என்பார்.

வண்டியின் நிறமும் அவள் பார்த்து எடுத்ததுதான். அவன் அனுப்பிய எட்டு நிறங்களில், சாரல் நாளில் மலை எந்த நிறத்தில் இருக்குமோ அந்தச் சாம்பல் நீலம். "இதான்" என்று ஒரு நொடியில் சொன்னாள். அவன் "சரி" என்றான்.

ஆடி பதினெட்டு கழிந்து இரண்டு நாளில் அவன், "லீவு கெடைக்கல சித்ரா" என்றான்.

அவள் நிறையப் பேசினாள். லீவு கிடைக்கவில்லையா, கேட்கவே இல்லையா, வண்டி வந்ததும் ஊர் மறந்துவிட்டதா என்றெல்லாம் கேட்டாள். புதுசாகக் கட்டியவர்களை ஆடிக்குப் பிரித்து வைப்பார்கள், உங்களுக்குப் பன்னிரண்டு மாதமும் ஆடிதான் போலிருக்கிறது என்றாள். அவன் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசியிருந்தால் சண்டையாவது முடிந்திருக்கும். அவன் "ம்" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு இரண்டு வாரமும் அவள் போனை மாமியாரிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றாள்.

ஆவணி இரண்டு, திங்கட்கிழமை, அவன் வண்டி எடுத்தான். மறுநாள் மத்தியானம் ஷோரூமில் இருந்தபோது படங்கள் வந்தன. நாலு டயருக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம். அந்த ஊர்ப் பழம், கோழிமுட்டை அளவில், மஞ்சளாக. அவளுக்குக் கோபத்தையும் மீறிச் சிரிப்பு வந்தது. அடுத்த படம் வண்டிக்குள் எடுத்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் மஞ்சள் பிள்ளையார் பிடித்து, அருகம்புல்லுக்குப் பதில் ஏதோ புல்லைச் செருகி வைத்திருந்தான். பிள்ளையாருக்கு அடியில் வைக்க வெற்றிலை இல்லை. கைக்குக் கிடைத்த காகிதத்தை மடித்து வைத்திருந்தான்.

பிள்ளையார் சாய்ந்திருக்கிறாரோ என்று பார்க்க அவள் படத்தைப் பெரிதாக்கினாள். பிள்ளையாருக்குக் கீழே அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று இருந்தது. பில். நாலு வருஷமாக அவள் அடுத்தவர்களுக்கு நீட்டிய அதே காகிதம், வேறு பாஷையில்.

வரி வரியாகப் படித்தாள். கொண்டுவந்த கூலி, பேப்பர், டயர் வரி, கண்ணாடி நம்பர். எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தவை. அதற்கடுத்து, நிறத்துக்கு நானூற்றைம்பது. நிறத்துக்குமா? அதற்கும் கீழே, மஞ்சள் பிசுக்கு ஒட்டியிருந்த வரியை இரண்டு தரம் படித்தாள். மூன்று நாளுக்கு மேல் வண்டியை நிறுத்தி வைத்த வாடகை. இருபத்தெட்டு நாள், நாளைக்கு நாற்பது டாலர்.

மொத்தத் தொகையின்மேல் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்க அவளுக்குத் தேவையும் இல்லை. இரண்டு வரியையும் கூட்டி, அந்த ஊர் வரியையும் சேர்த்தால் கிட்டத்தட்ட ஆயிரத்து எண்ணூறு. ஒரு டிக்கெட். லீவெல்லாம் கிடைத்திருக்கும். அவன் வர வேண்டிய காசைத் தின்றது அவளுடைய ஆடியும், அவள் ஒரு நொடியில் தேர்ந்த நிறமும். அதைச் சொல்லாமல், அவள் பேசிய பேச்சையும் பேசாத நாட்களையும் வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறான்.

"என்னம்மா, முகம் இப்படி இருக்கு?" என்றார் கனி அண்ணாச்சி.

"அண்ணாச்சி, நாம வேப்பமரத்தடியில வண்டி நிறுத்துததுக்கு வாடகை கேட்டா என்ன?"

"ஏம்மா, படைச்சவன் கேக்க மாட்டானா?" என்றார் அவர். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கைப்பையையும் பாலிதீன் பை ஒன்றையும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

ஐந்தருவியில் கூட்டம் குறைவு. தண்ணீர் ஐந்து கிளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. மாசியில் பார்த்த பாறையா இது என்று இருந்தது. உடம்பில் ஒரு சுமை இருந்தால் அதை அங்கேயே இறக்கிவிட்டுப் போகச் சொல்வதுபோல் இரைந்தது. பெண்கள் பக்கத்துக் கம்பியைப் பிடித்தபடி, முழு வீச்சு படாத ஓரத்தில், கட்டிய சேலையோடு போய் நின்றாள். போனைப் பாலிதீன் பையில் சுற்றிக் காதில் வைத்தாள். பெண்கள் பக்கத்தில் கேமரா ஆகாது. குரல் போதும்.

அங்கே காலை ஏழு மணி. "சித்ரா?" என்றான் அவன், நம்பாதவனாக. அவளாகக் கூப்பிட்டு அத்தனை நாள் ஆகியிருந்தது.

"பில்ல படிச்சிட்டேன்."

அருவி மட்டும் கேட்டது.

"எந்த பில்லு?"

"புள்ளையாருக்குக் கீழ வச்சிருக்கியள்லா, அது."

"நல்லா காட்டிக் குடுத்தாரு" என்றான் கடைசியில்.

"ஏன் சொல்லல? நாளைக்கு நாப்பது டாலர்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஆடிய தூக்கிக் குப்பையில போட்டிருப்பேன்லா?"

"போட்டிருக்க மாட்ட. எடுக்கச் சொல்லிட்டு, ஒவ்வொரு நாளும் பயந்துக்கிட்டே கெடந்திருப்ப. பனியில வண்டி வழுக்குனா, ஆடியில எடுத்ததாலதான்னு ஒன்னயே வைவ. நான் வேலைக்குப் போற பஸ்சு அந்தக் கார்க்கடை யார்டு வழியாத்தான் போவும். வேலிக்கு உள்ள நம்ம வண்டி நிக்கும். மழையில நனையும். தெனமும் பாப்பேன். இன்னைக்கு நாப்பது, இன்னைக்கு நாப்பதுன்னு. பாதி நாள் ஒரு ஸ்டாப் முன்னாடியே எறங்கி, வேலிகிட்ட நின்னுட்டுப் போவேன். வண்டி வந்ததும் ஊரு மறந்துட்டான்னு நீ கேட்டியே, அன்னைக்கு அங்கன நின்னு அழுதேன் சித்ரா."

அவளும் அழுதாள். அருவியில் நிற்கும்போது அழுவதில் ஒரு வசதி உண்டு.

"இனிமே பாதி வெல சொல்லக் கூடாது" என்றாள். "முழுசாச் சொல்லணும். நல்லதும் கெட்டதும்."

"சரி."

"வேற என்ன மறைச்சிய?"

"ஒன்னும் இல்ல. ஆங், ஒன்னு உண்டு. பெயிண்ட்டுக்கு ஏதோ பூசுதேன்னு அதுக்கும் தனி பில்லு போட்டு வாங்கிட்டான். அதுக்கு ஒரு கூப்பன் குடுத்தான். ஒரு தடவ வண்டி கழுவது சும்மா." அவன் குரல் திடீரென்று மாறியது. "நீ எங்கன நிக்க? என்ன இரைச்சல் அது?"

"ஐந்தருவி."

"தண்ணி விழுதா?"

"கொட்டுது."

"அங்கனயே நில்லு. அஞ்சே நிமிசம். போன வைக்காத."

கதவு சாத்தும் சத்தம், இன்ஜின் சத்தம், யாரிடமோ இங்கிலீஷில் இரண்டு வார்த்தை. போனை வலப்பக்கச் சீட்டில் வைத்திருக்கிறேன், அது உன் சீட்டு என்றான். அப்புறம் ஏதோ கனமான கதவு மெதுவாக மேலே ஏறியது. "வண்டி கழுவுத எடத்துக்குள்ள போறேன்" என்றான். பிறகு அவன் பக்கமும் தண்ணீர் விழத் தொடங்கியது.

கூரையில், கண்ணாடியில், நாலு பக்கமும். அவள் காதை அழுத்திக்கொண்டாள். எது அவன் தண்ணீர், எது தன் தண்ணீர் என்று முதலில் பிரித்துக் கேட்டாள். பிறகு பிரிக்க முடியவில்லை. மலை மேகத்துக்குள் போயிருந்தது. கண்ணை மூடினால் சாம்பல் நீல வண்டி ஒன்று பாறைகளுக்கு நடுவில் நின்று நனைந்தது. அதில் அவள் சரியான பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணாடிய எறக்கட்டுமா?" என்று கேட்டான்.

"கோட்டி புடிச்சிருக்கா? சீட்டு நனைஞ்சிரும். அதுக்கும் சார்ஜ் போடுவான்."

"ரெண்டு விரல் அளவு." சர்ரென்று ஒரு சத்தம். "யம்மா!" என்று கத்தினான். சிரித்தான். "மூஞ்சி பூரா சோப்பு."

"குளிருதா?"

"குளிருது. ஒனக்கு?"

"குளிருது."

ஓரத்தில் காவலுக்கு நின்ற பெண் போலீஸ் விசில் ஊதினாள். நேரமாகிவிட்டது, அடுத்தவர்களுக்கு வழி விட வேண்டும். ஜெயசித்ரா நகராததைப் பார்த்து அருகில் வந்து, "ஏம்மா, எவ்வளவு நேரம் நிப்ப? வெளிய வா" என்றாள்.

"ரெண்டு பேர் நிக்கோம்க்கா" என்றாள் ஜெயசித்ரா. "இன்னும் ஒரு நிமிசம்."

போலீஸ்காரி அவளுக்குப் பக்கத்தில் எட்டிப் பார்த்தாள். தண்ணீர்தான் விழுந்துகொண்டிருந்தது. காதில் இருந்த பாலிதீன் பையையும், சிவந்த கண்ணையும் ஒரு தரம் பார்த்தாள். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அடுத்த கிளைப் பக்கம் நடந்தாள்.