சாமிக்கு வைத்த தண்ணீர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஜன்னல் கம்பியால் வந்து சேர்ந்தது. மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன், கதை இறங்கி வந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். என்ன செய்வது, கம்பி விட்டுப்போயிற்று. பற்றவைக்கத் திண்டிவனம் சாலையில் இருந்த வெல்டிங் பட்டறைக்குப் போனேன். அன்று ஆயுத பூஜை. (பூஜையன்று யாராவது வேலை கொண்டு போவார்களா என்று கேட்காதீர்கள். எனக்கு நாள் கிழமை தெரியாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.) சிலிண்டருக்குச் சந்தனம், கட்டிங் டார்ச்சுக்குக் குங்குமம், தட்டு நிறையப் பொரிகடலை. எல்லாம் இருந்தது, கற்பூரம் மட்டும் இல்லை. மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று பக்கத்துக் கடைக்குக் கிளம்பினேன்.

"வேணாங்க சார். இங்க கற்பூரம் ஏத்தறதில்ல" என்றாள் பட்டறையின் சொந்தக்காரி. பெயர் வேதா. இடத்தை வாடகைக்கு விட்டுவிட்டுப் பின்கட்டில் தனியாகக் குடியிருந்தாள்.

நெருப்பையே சாமி என்று கும்பிடுகிற ஊரில் கற்பூரம் ஏற்றாத பட்டறை. எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? ஏன் என்று துருவிக் கேட்டேன், நடந்ததையெல்லாம் சொன்னாள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: "அண்ணாமலையின் நிழல் நீண்டு பட்டறைக் கூரையைத் தொட்ட ஒரு மாலையில்…" வேண்டாம். மலையை இழுக்காமல் உனக்கு ஒரு கதையும் தொடங்காதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அதோடு நடந்தது மாலையில் இல்லை, உச்சி வெயிலில்.

இரண்டாவது: "வெட்டும்போதும் பற்றவைக்கும்போதும் தொழிலாளர்கள் கவனிக்க வேண்டிய…" இது தொழிற்சாலைச் சுவரில் ஒட்டுகிற காகிதம். ஆனால் அந்தக் காகிதத்தில் இருப்பதெல்லாம் இருசப்பனுக்குத் தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல்.

மூன்றாவது: "இருசப்பன் பயந்தவன்." இது இருக்கட்டும்.

3

இருசப்பன் பயந்தவன். வேதாவின் புருஷன். டெரிலின் சட்டை போட்டு வந்தவனைப் பட்டறைக்குள் விடமாட்டான். பொறி பட்டால் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கறுப்புக் கண்ணாடி போடாமல் டார்ச்சைப் பற்றவைக்கமாட்டான். கிரைண்டருக்குப் புதுக் கல் வாங்கினால் முதலில் தட்டிச் சத்தம் கேட்பான். விரிசல் இருந்தால் சுற்றுகிற வேகத்தில் சிதறி முகத்தில் அடிக்கும். எண்ணெயோ பெயின்டோ இருந்த பீப்பாயை அறுக்க வேண்டுமென்றால் கழுத்து மட்டும் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் நெருப்பைக் கிட்டே கொண்டுபோவான். காலிப் பீப்பாய் காலி இல்லை, உள்ளே ஆவி குந்தியிருக்கிறது என்பான்.

"இன்னாப்பா இருசப்பா, பீப்பாய்க்குத் தலை முழுக்கா?" என்று சாலையில் போகிறவர்கள் கிண்டலடிப்பார்கள். வேதாவுக்கு அதில் கொஞ்சம் வெட்கம், நிறையப் பெருமை. தொழிலுக்குப் போன புருஷன் கண்ணோடும் கையோடும் சாயங்காலம் சோற்றுக்கு உட்காருகிறான் என்றால் சும்மாவா.

[இங்கேதான் எனக்கு இடிக்கிறது. இவ்வளவு ஜாக்கிரதையான ஆள் அப்படி ஒரு தப்பைச் செய்வானா? நீங்கள் நம்பமாட்டீர்கள். அவனைக் கொஞ்சம் குடிகாரனாக்கிவிட்டால் கதைக்கு வசதி. ஒரு வரி எழுதியும் பார்த்தேன்: "அன்று காலையிலேயே இருசப்பன் சாராயக்கடைப் பக்கம்…" கை ஓடவில்லை. அவன் குடிக்காதவன். செத்தவன் மேல் பழி போடுவது சுலபம், அவன் வந்து கேட்கமாட்டான்.]

4

எண்பத்து மூன்று, கோடை. மழை ஏமாற்றிய வருஷம். குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. சித்திரைப் பௌர்ணமிக்கு முதல் நாள் காலை, அடி அண்ணாமலையில் பெட்டிக்கடை வைத்திருந்த அப்பாசாமி மாட்டுவண்டியோடு வந்து நின்றார். மலை சுற்றுகிறவர்களுக்குக் கூழ் ஊற்றுவதாக அவருக்கு வேண்டுதல். கீழ்பென்னாத்தூரில் சொந்தக்காரர் கிணற்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு குடம் தண்ணீரும், அடுப்பு செய்வதற்கு ஒரு காலிப் பீப்பாயும் வண்டியில் இருந்தன. பீப்பாயில் முன்பு இருந்தது பெயின்டுக்குக் கலக்கும் தின்னர்.

"மேல் தகட்ட அறுத்து வெய்யி இருசப்பா. வெறகு ஏத்திக்கினு பொழுது சாய வரேன். கொடமெல்லாம் இங்கியே நெழல்ல இருக்கட்டும். கூழுக்கு வெச்ச தண்ணி, பத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருசப்பன் பீப்பாயின் சின்ன மூடியைத் திருகிக் கழற்றினான். மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். வேப்பமரத்தடிக் குடங்களைப் பார்த்தான்.

"வேதா, இந்தத் தண்ணிய ஊத்தி அறுத்துட்டா இன்னா?"

"சாமிக்கு வெச்ச தண்ணிங்க அது. தின்னர் பீப்பாயில ஊத்தினா அப்புறம் மாட்டுக்குக் கூட ஆவாது. ஊரு ஜனம் வாய் வெக்கறது."

"நம்ம வூட்ல?"

"ஒரு கொடம் கூட நெறையா இல்ல."

ஆவி போகட்டும் என்று பீப்பாயை வெயிலில் போட்டுவைத்தான். உச்சிவேளைக்கு மறுபடி மோந்தான்.

"வாசன கம்மியாத்தான் இருக்குது. ஆனா மனசு ஒப்பல. நாளைக்குப் பாத்துக்கலாமா?"

"பௌர்ணமியே நாளைக்குத்தானே. சாமி காரியங்க. சாமி பாத்துக்கும்."

அவன் கையிலெடுத்த டார்ச்சைக் கீழே வைத்தான். அவன் பயப்படுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பயத்தைப் போக்க அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று. எந்த வேலை தொடங்கினாலும் அந்தப் பட்டறையில் தரையில் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் தொடங்குவார்கள். அன்றைய வேலையே சாமியுடையது என்பதால், அவள் கற்பூரத்தைத் தரையில் வைக்காமல் பீப்பாயின் மேல் தகட்டிலேயே வைத்தாள். வாய் திறந்திருந்த பீப்பாய். அவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். அவள் தீக்குச்சியைக் கிழித்தாள். மேல் தகடு பிய்ந்து கிளம்பி அவனுடைய

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெம்பில்லை. இருசப்பன் அங்கேயே செத்துப்போனான். அவள் பக்கவாட்டில் நின்றதால் பிழைத்தாள்.)*

* பிழைத்தாள் என்று எழுதியிருக்கிறேன். வேறு சொல் கிடைக்கவில்லை. கார்த்திகைத் தீபத்தன்று ஊரெல்லாம் விளக்கு வைக்கும்போது அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறாள்.

5

கதையை இப்படி விட எனக்கு மனசு வரவில்லை. ஒரு முடிவில் சக்கரம் உடைந்து அப்பாசாமியின் வண்டி வராமலே போனது. இன்னொன்றில் தீப்பெட்டி நமுத்திருந்தது. (சித்திரை வெயிலில் எப்படி நமுக்கும்? வெட்கமாக இருக்கிறது.) கடைசியாக எழுதியதுதான் எனக்குப் பிடித்தது. அதில் வேதா எழுந்து போய், ஒவ்வொரு குடமாகத் தூக்கிப் பீப்பாயில் ஊற்றுகிறாள். இருசப்பன் நிதானமாக அறுக்கிறான். அப்பாசாமி வந்து கத்துகிறார், புருஷனும் பெண்சாதியும் தலையைக் குனிந்துகொண்டு திட்டு வாங்குகிறார்கள். அவ்வளவுதான் சேதம்.

அதை எடுத்துக்கொண்டு வேதாவிடம் போனேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். மடையன்.

6

முதலில், படித்தவன் தோரணையில் நியாயம் சொன்னேன். "கற்பூரம் இல்லாட்டியும் டார்ச் பட்டதுமே வெடிச்சிருக்கும்மா. உங்க மேல தப்பில்ல."

"டார்ச்ச அவரு பத்தவெச்சிருக்க மாட்டாரு சார். கீழ வெச்சிட்டாரு. நான்தான் தைரியம் சொன்னேன்."

பிறகு அந்தக் கடைசி முடிவைப் படித்தேன். அவள் முழுக்கக் கேட்டாள். நடுவில், அப்பாசாமி திட்டுகிற இடத்தில், லேசாகச் சிரித்தது போலக்கூட இருந்தது. படித்து முடித்ததும் தலையாட்டினாள்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா ஊத்தமாட்டேன் சார். அன்னிக்கி இருந்த வேதா ஊத்தமாட்டா. நீங்க எத்தினி வாட்டி மாத்தி எழுதினாலும் அவ சாமி தண்ணியில கை வெக்கமாட்டா."

காகிதத்தை மடித்தேன்.

"அந்தத் தண்ணி இன்னா ஆச்சுன்னு நீங்க எழுதவே இல்லியே" என்றாள்.

உண்மைதான். எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை முடிவு எழுதியவன் குடங்களை மரத்தடியிலேயே மறந்துவிட்டிருந்தேன்.

"சாவு வுழுந்த எடத்துத் தண்ணி சார். தீட்டு. கூழுக்கு ஆவாதுன்னு சொல்லிட்டாங்க. ஊர்ல வேற தண்ணி ஏது? அதுலதான் அவரக் குளிப்பாட்டினோம். ஒரு கொடம் பாக்கியில்லாம, எல்லாத்தையும் அவரு தலையிலதான் ஊத்தினோம்."

7

இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை. வாசகரே, நீங்கள் வேண்டுமானால் முயன்று பாருங்கள். குடங்கள் இன்னும் நிழலில்தான் இருக்கின்றன. பீப்பாய் வெயிலில் காய்கிறது, இருசப்பன் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டுப் பெண்சாதியின் முகத்தைப் பார்க்கிறான், அவள் தீப்பெட்டியை இன்னும் எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த வேதா எடுத்துவிடுவாள். உங்களுக்கு வேறொரு வேதாவைத் தெரியும் என்றால், தொடங்கி மட்டும் தருகிறேன், முடித்துக்கொள்ளுங்கள்:

வேதா எழுந்தாள். வேப்பமரத்தடிக்குப் போனாள். குனிந்து முதல் குடத்தை