ரேல்டாவை இழுக்க ஒரு கார்

டெக்லன் கை அறைந்துவிட்டு வந்திருந்தான். சமையலறை வாசலிலேயே பூட்ஸைக் கழற்றாமல் அவன் நின்ற விதத்தில் ஓர்லாவுக்கு அது புரிந்துவிட்டது.

"பார்த்துட்டு மட்டும் வர்றேன்னுதானே போன?"

"பார்த்தேன். பட்ஸி அண்ணன் கையை நீட்டினாரு."

"நீயும் நீட்டிட்ட."

"நீட்டின கையை அந்தரத்துல விட்டுட்டு வரச் சொல்றியா?"

அவர்கள் ஊரான கில்பிராக்கில் மாடானாலும் குதிரையானாலும் காரானாலும் ஒன்றுதான். உள்ளங்கையில் துப்பிக்கொண்டு கையோடு கை அறைந்துவிட்டால் பேச்சு முடிந்தது. காகிதமெல்லாம் அப்புறம். அறைந்த கையைத் திரும்பப் பெற்றவனின் பெயர் அவன் பிள்ளைகள் காலம் வரை சந்தையில் அடிபடும். பட்ஸி டெக்லனுக்குப் பெரியப்பா மகன் வேறு. பழைய கார்களை வாங்கி விற்பவர்.

ஓர்லா அடுப்பை அணைத்தாள். ஞாயிற்றுக்கிழமை லிமரிக்கிலிருந்து ஒருவர் ரேல்டாவை விலைக்குப் பார்க்க வருகிறார். ரேல்டா அவர்கள் வீட்டுச் சாம்பல் நிற மட்டக்குதிரை. அவர்கள் மகள், பதினொரு வயது ரோஷீனுக்குச் சகோதரி மாதிரி. போன செப்டம்பரில் குதிரையேற்றப் போட்டி முடிந்து திரும்பும்போது, காற்று மேட்டு இறக்கத்தில் ரேல்டா ஏறியிருந்த ட்ரெய்லர் பாம்பு போல நெளிய ஆரம்பித்தது. பின்னால் இருந்த கனம் முன்னால் இருந்த சின்ன காரைப் பிடித்து ஆட்டியது. ஓர்லா எப்படியோ நிறுத்திவிட்டாள். முழங்காலில் ஒரு காயத்தோடு ரேல்டாவும் தப்பித்தது. ஆனால் அன்று இரவே ஓர்லா சொல்லிவிட்டாள்: சரியான கார் கிடைத்தால் குதிரை இருக்கும், கிடைக்காவிட்டால் போகும். ரோஷீன் அழவில்லை. அதுதான் ஓர்லாவைத் தூங்கவிடாமல் செய்தது. குளிர்காலம் முழுக்க அவள் ட்ரெய்லர் இழுப்பதற்கான தனி ஓட்டுநர் உரிமத்துக்குப் பயிற்சி எடுத்தாள். முதல் தடவை தோற்று, இரண்டாம் தடவை தேறினாள்.

"என்ன கார்?" என்றாள் இப்போது.

"வெள்ளை. புதுசு மாதிரி இருக்கு. கதவு ஓரத்துல ஒட்டியிருக்கிற சீட்டையும் பார்த்தேன். ஆயிரத்து முந்நூறு கிலோ வரைக்கும் இழுக்கலாம்னு போட்டிருக்கு." டெக்லன் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தான். "ட்ரெய்லர் எண்ணூறு, அதோட தகட்டுலயே இருக்கு. ரேல்டா முந்நூத்தி எண்பது. கொஞ்சம் புல்லு. ஆயிரத்து இருநூறு. நூறு கிலோ மிச்சம்."

கணக்கு தப்பில்லாமல்தான் இருந்தது. அதனால்தான் ஓர்லாவுக்கு அது பிடிக்கவில்லை.

"ரேல்டாவை எப்போ எடை போட்ட?"

"வாங்கினப்போ."

"நாலு வருஷத்துக்கு முன்னாடி."

"குதிரைதானே, பன்னியா என்ன?" என்றான் டெக்லன்.

மாடியிலிருந்து ரோஷீனின் குரல் வந்தது: "அப்பா, நீங்க பேசறது அவளுக்குக் கேக்கும்."

வெள்ளிக்கிழமை மாட்டுச் சந்தைக்கு விடுமுறை. எடைமேடை மட்டும் திறந்திருக்கும். எல்லாவற்றையும் அதில் ஏற்றி நிறுத்திப் பார்த்துவிடலாம் என்றாள் ஓர்லா. ஆனால் தெரியாத காரில் ரேல்டாவை ஏற்ற மாட்டேன், பட்ஸிதான் தன் ஜீப்பால் இழுத்துவர வேண்டும் என்றும் சொன்னாள். போட்டிக்குப் போகும் நாள் போலவே எல்லாம் ட்ரெய்லரில் ஏறின. சேணம், இரண்டு குடம் தண்ணீர், புல் வலை, போர்வை, ரோஷீனின் பெட்டி.

பட்ஸியின் ஜீப்பில் ஆட்டு நாற்றம் அடித்தது. முன் கண்ணாடிக்குக் கீழே கயிறு, ஊசிமருந்துக் குப்பி, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம். ஓர்லா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் ரோஷீன். டெக்லன் வெள்ளைக் காரில் தொடர்ந்து வந்தான்.

"ஏம்மா, என் பேச்சு மேல நம்பிக்கை இல்லாமலா இவ்வளவு ஊர்வலம்?" என்றார் பட்ஸி.

"உங்க மேல நம்பிக்கை இருக்கு. உங்க வாய் மேலதான் இல்லை."

"அது நியாயம்" என்று சிரித்தார் பட்ஸி.

சந்தையில் எடைமேடைக் கூண்டுக்குள் கன்செப்டா ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். முப்பது வருஷமாக அந்த ஊரின் மாடுகளை எடை போட்டவள். ஜன்னலைத் திறந்து, "எல்லாரும் எறங்குங்க. டெக்லன், நீ மேடையை விட்டு இன்னும் தள்ளி நில்லு, உன் தொப்பையைச் சேர்த்தா கணக்கு கெட்டுடும்" என்றாள்.

ஜீப்பும் ட்ரெய்லரும் குதிரையுமாக மூவாயிரத்து அறுநூறு. ரோஷீன் ரேல்டாவை மெதுவாகக் கீழே இறக்கினாள். கன்செப்டா கழித்துப் பார்த்தாள்.

"நானூத்தி முப்பது. வசந்தப் புல்லு நல்லா உள்ள போயிருக்கு."

"அவ அப்படித்தான் இருக்கணும்" என்றாள் ரோஷீன் விறைப்பாக.

பிறகு ட்ரெய்லரைக் கழற்றி, ஜீப்பை மேடையிலிருந்து இறக்கினார்கள். கன்செப்டா எண்ணைப் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள்.

"ட்ரெய்லரும் சாமானும் ஆயிரத்து ஐம்பது."

"இருக்காதே" என்றான் டெக்லன். "சாமான் நூறு போனாலும் தொள்ளாயிரத்தைம்பது. எண்ணூறுதானே வரணும்? நூத்தைம்பது எங்கேர்ந்து வந்துச்சு?"

டெக்லன் ட்ரெய்லருக்குள் எட்டிப் பார்த்தான். பார்த்தபடியே நின்றுவிட்டான்.

இரண்டு குளிர்காலங்களுக்கு முன்னால் அவன்தான் அந்தத் தரையைப் போட்டான். ரேல்டாவின் குளம்பு பழைய பலகையை உடைத்துவிடுமோ என்று பயந்து, கனமான ஓக் பலகைகளை அறுத்துப் பதித்தான். மேலே பால் கறக்கும் கொட்டகைக்குப் போடும் தடித்த ரப்பர் விரிப்பு. ஊரில் எவனும் தன் குதிரைக்கு அப்படி ஒரு தரை போட்டதில்லை என்று மதுக்கடையில் பெருமை வேறு பேசியிருந்தான். அந்தத் தரையோடுதான் செப்டம்பரில் ட்ரெய்லர் காற்று மேட்டில் இறங்கியது.

"நான் போட்டது" என்றான், யாரிடம் என்றில்லாமல்.

ஓர்லா அவன் முதுகில் கை வைத்தாள். "அவ கால் உடையக் கூடாதுன்னு போட்ட. ஒரு தடவைகூட உடையலை."

கன்செப்டா கூண்டிலிருந்து சொன்னாள்: "கூட்டினா ஆயிரத்து நானூத்தி எண்பது. அந்த வெள்ளைக் காரைவிட உங்க ட்ரெய்லர் கனம் போலிருக்கே."

பட்ஸி தொப்பியைக் கழற்றி மறுபடியும் வைத்துக்கொண்டார். "ஆயிரத்து முந்நூறைத் தாண்டிடுச்சு. ஆனா கை அறைஞ்சாச்சே, என்ன பண்றது."

"அறையறதுக்கு முன்னாடி நீ என்ன கேட்ட?" என்று ஓர்லா டெக்லனிடம் திரும்பினாள்.

"குதிரையோட ட்ரெய்லரை இழுக்குமான்னு கேட்டேன்."

"அவரு?"

"இழுக்கும், கேட்டா மாதா கோயிலையும் சேர்த்து இழுக்கும்னாரு."

கன்செப்டா ரொட்டியைக் கீழே வைத்தாள். "அப்போ கதையே வேற. பாலினாஸ்லோ குதிரைச் சந்தையில ஏறி ஓட்டலாம்னு சொல்லி வித்த குதிரை நொண்டினா என்ன பண்ணுவாங்க, பட்ஸி?"

"திரும்ப எடுத்துக்குவாங்க."

"யாரு பேரு கெடும்?"

"வித்தவன் பேரு." பட்ஸி வெள்ளைக் காரைப் பரிதாபமாகப் பார்த்தார். "நாலு சக்கரமும் நல்லா இருந்தும் நொண்டின்னு பேரு வாங்கிட்டியே, மகளே." பிறகு வலது உள்ளங்கையைக் கால்சட்டையில் அழுத்தித் துடைத்து, விரித்துக் காட்டினார். "போ டெக்லன். உன் கை உனக்கு."

டெக்லன் பெருமூச்சு விட்டான். ரோஷீன் விடவில்லை. அவள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை ரேல்டா லிமரிக்குப் போய்விடும்.

ஓர்லாவோ தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழியில் காற்று மேட்டைக் கடந்துதான் வந்திருந்தார்கள். கதவுக்கு மேலே இருக்கும் பிடியை அவள் பிடிக்கவே இல்லை. ட்ரெய்லர் ஆடாததால் மேடு வந்ததும் போனதும் கவனத்தில் இல்லை. பட்ஸியின் வாயைப் பற்றிப் பேசிக்கொண்டே இறங்கியிருக்கிறாள்.

அவள் ஜீப்பிடம் நடந்தாள். ஓட்டுநர் கதவைத் திறந்து, ஓரத்தில் ஒட்டியிருந்த சேற்றைக் கட்டை விரலால் தேய்த்தாள். இழுக்கக்கூடிய எடை இரண்டாயிரத்து ஐந்நூறு. அதன் சொந்த எடை இப்போதுதான் மேடையில் தெரிந்தது, இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம். குனிந்து டயர்கள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பார்த்தாள். இழுகொக்கியின் உயரம் ட்ரெய்லரோடு மட்டமாக இருந்ததை வரும்போதே கவனித்திருந்தாள். பின் இருக்கையில் ரோஷீனும், ஆயாவிடம் விட்டுவந்த சின்ன மகனின் குழந்தை இருக்கையும் தாராளமாக அடங்கும்.

"பட்ஸி அண்ணே, இதை விப்பீங்களா?"

"இதையா? ஏம்மா, இதுல ஆடுங்க குட்டி போட்டிருக்கு."

"கழுவிக்கலாம். பிரேக் எப்போ மாத்தினீங்க?"

"மார்ச் மாசம்."

"காகிதம் இருக்கா?"

"இருக்கு. அந்த பிஸ்கட்டுக்குக் கீழே."

ஓர்லா காகிதத்தை முழுசாகப் படித்தாள். அதற்குப் பிறகுதான் உள்ளங்கையில் துப்பிக் கையை நீட்டினாள். பட்ஸி ஓங்கி அறைந்தார். அவள் கை எரிந்தது.

ரேல்டாவை மறுபடி ஏற்றித் திரும்பும்போது ஜீப்பை ஓர்லா ஓட்டினாள். பட்ஸியிடம் திரும்ப விட வேண்டிய வெள்ளைக் காரில் டெக்லன் பின்னால் வந்தான். காற்று மேட்டின் உச்சியில் அவள் வேகத்தைக் குறைத்துச் சின்ன கியருக்கு மாற்றினாள். எதிரே பால் லாரி ஒன்று காற்றைத் தள்ளிக்கொண்டு கடந்தது. ஸ்டியரிங்கில் ஒரு சின்ன அசைவு, அவ்வளவுதான். பக்கத்தில் பட்ஸி மேலே இருந்த பிடியை இரண்டு கையாலும் பற்றியிருந்தார்.

"என்ன அண்ணே?"

"என் வண்டியில நான் இந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லம்மா."

பக்கக் கண்ணாடியில் டெக்லனின் விளக்குகள் ஒரு தடவை மின்னின. ட்ரெய்லர் நேராக வருகிறது என்று அர்த்தம்.

ரோஷீன் பின்னாலிருந்து குனிந்து, "அம்மா, லிமரிக்காரரை வர வேண்டாம்னு நான் போன் பண்ணட்டுமா?" என்றாள்.

"மேடு முடியட்டும்" என்றாள் ஓர்லா. முடிந்ததும், "இப்போ பண்ணு" என்றாள்.