மஞ்சள் தார்

தார்க் கலவை ஆலையில் எந்திரத்தை ஓட்டியவரை எல்லோரும் டிகிரி என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் அவர். ஆனால், "எத்தனை டிகிரி இருக்கு?" என்று சூட்டைக் கேட்காமல் ஒரு சட்டி கலவையைக்கூட வெளியே விடமாட்டார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

இருபத்திரண்டு வருஷமாக அவர் கையால் போனதெல்லாம் கறுப்புதான். அதனால் எஞ்சினியர் அம்மா ஒரு நாள் வந்து, "மஞ்சள் வேணும்" என்றபோது, வேறு யாரிடமோ சொல்கிறார் என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

வேலை கண் ஆஸ்பத்திரியில். பேருந்து நிறுத்தத்திலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை ஒரு நடைபாதை. சுற்றிலும் கறுப்பு, நடுவில் மஞ்சள் என்று இருந்தால் பார்வை மங்கியவர்களுக்கும் எடுத்துக் காட்டும் என்று டாக்டர்கள் கேட்டிருந்தார்கள். மேலே பெயிண்ட் அடித்தால் ஒரு மழைக்காலம் தாங்காது. கலவையிலேயே நிறப்பொடியைச் சேர்த்துவிட்டால், தேயத் தேய உள்ளேயும் மஞ்சள்தான் இருக்கும்.

டிகிரிக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. அவர் தங்கை மூன்று வருஷமாக அந்த ஆஸ்பத்திரியில்தான் தொலைபேசி எடுக்கிறாள். கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறவள், அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டாள். ஐந்தாறு வருஷமாகவே அவளுக்கும் பார்வை குறைந்துகொண்டு வருகிறது. தினமும் அவளைப் பேருந்தில் ஏற்றிவிட்டுத்தான் அவர் ஆலைக்குப் போவார். இறங்கினபிறகு எப்படிப் போகிறாய் என்று கேட்டால், "தெரிஞ்ச வழிதானேண்ணா, சமாளிச்சுக்குவேன்" என்று பேச்சை முடித்துவிடுவாள்.

பொடி சின்னச் சின்னப் பைகளில் வந்து இறங்கியது. பையைப் பிரிக்கக்கூட வேண்டாம். அப்படியே போட்டால் சூட்டில் பையும் உருகிக் கலந்துவிடும். டிகிரி கணக்காகப் போட்டுக் கலக்கித் திறந்துவிட்டார். வந்து விழுந்ததைப் பார்த்து எல்லோருக்கும் முகம் தொங்கிப்போயிற்று. பாசி பிடித்த சுவர் மாதிரி ஒரு நிறம். இன்னொரு மடங்கு பொடியைப் போட்டும் பலனில்லை. தாரின் கறுப்பு அத்தனையையும் விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் கிடந்தது.

"கொஞ்சம் தள்ளி நின்னு பார்த்தா மஞ்சள்தான்" என்றார் மேஸ்திரி.

"எவ்வளவு தள்ளி? அடுத்த ஊர்லயா?" என்றார் டிகிரி.

எஞ்சினியர் அம்மா இருவரையும் பார்த்தார். "நாம பேசி என்ன ஆகப்போகுது? பத்தடி போட்டு வைங்க. நடக்கப்போறவங்க பார்த்துச் சொல்லட்டும்" என்றார்.

அப்படிப் போட்டு வைத்த மறுநாள் காலை, டிகிரி தங்கையிடம் ஒன்றும் சொல்லாமல் முன்னாலேயே போய் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் நின்றார். எட்டரைப் பேருந்து வந்தது. கதவு திறப்பதற்குள் ஆஸ்பத்திரிக் காவலாளி படிக்கட்டின் பக்கத்தில் வந்து முழங்கையை நீட்டிக்கொண்டு நின்றார். தங்கை இறங்கினாள். தேடவில்லை, தடவவில்லை. அந்தக் கை அங்கே இருக்கும் என்று தெரிந்தவள்போல் பிடித்துக்கொண்டாள். இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்தபடி நடக்க ஆரம்பித்தார்கள்.

டிகிரி அவர்களுக்கு எதிரே போய் நின்றார்.

"ஐயா, தினமும் நீங்கதானா?"

அண்ணன் குரலைக் கேட்டுத் தங்கை நாக்கைக் கடித்துக்கொண்டாள். காவலாளி மாட்டிக்கொண்டவர்போல் தொப்பியைக் கழற்றினார். "மூணு வருஷமா, தம்பி. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு பொண்ணு சத்தியம் வாங்கியிருக்கு."

"சொன்னா நீ வேலைக்கு மட்டம் போட்டுட்டு என் பின்னாலேயே சுத்துவே. அதான் சொல்லலை" என்றாள் அவள்.

"எனக்கு என்ன தம்பி சிரமம்? ட்யூட்டி ஒன்பது மணிக்கு. அதுவரைக்கும் சும்மாதானே நிக்கிறேன்."

ஒன்பது மணி வேலைக்கு யார் எட்டரைக்கே வந்து நிற்பார்கள்? மழையிலும் வெயிலிலும் மூன்று வருஷம்! டிகிரி அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "விடுங்க தம்பி, கையைப் பிடிக்கிறது என் வேலை" என்று சிரித்தார் காவலாளி.

பாதையைப் பார்க்க வந்திருந்த எஞ்சினியர் அம்மா தங்கையிடம் வந்தார். "இங்க மஞ்சளா ஒரு பாதை போட்டிருக்கோம். எங்க இருக்குன்னு சொல்ல முடியுதா?"

அவள் குனிந்தாள். நாலடி நடந்து பார்த்தாள். "எங்க மேடம்?"

"அது மேலதான் நிக்கிறீங்க."

அண்ணன் போட்ட பாதை என்று தெரிந்தும் அவள் மழுப்பவில்லை. "தெரியலை மேடம். தெரியுதுன்னு நான் சொல்லிட்டா, நாளைக்கு இங்க இறங்குறவங்க என்ன செய்வாங்க?"

எஞ்சினியர் அம்மா, பாதை சரி என்று கையெழுத்துப் போட வைத்திருந்த தாளை மடித்துப் பைக்குள் போட்டார். "இதைப் பேர்த்துடுங்க" என்றார்.

பிறகு அவர் தலைமை அலுவலகத்தோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டினார். கடைசியில் வேறு மாதிரித் தார் வந்து சேர்ந்தது. தேன் நிறத்தில், பின்னால் விரலை வைத்தால் விரல் தெரிகிற மாதிரி. கூடவே வெளிறின ஜல்லியும் வந்தது. ஆனால், இருபத்திரண்டு வருஷத்துக் கறுப்பு கலவை எந்திரத்தின் வயிற்றில் அப்பிக் கிடந்தது. அதைச் சுரண்டாமல் தேன் தாரை ஊற்றினால் பழைய கதைதான்.

ஞாயிற்றுக்கிழமை டிகிரி யாருக்கும் சொல்லாமல், எந்திரத்துக்கு மின்சாரத்தை நிறுத்திப் பூட்டிவிட்டு, உளியோடு உள்ளே இறங்கினார். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மேலேயிருந்து இன்னொரு உளிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் மேஸ்திரி.

"நீ எங்கய்யா வந்தே?"

"மஞ்சள்தான்னு சொன்ன வாய் இது. உன் தங்கச்சி அதுமேல நின்னுக்கிட்டே எங்கன்னு கேட்டதிலேர்ந்து எனக்குச் சோறு இறங்கலை. தள்ளிக்கோ."

பத்து மணிக்கு, ஆலையில் லாரிகளை எடை போடுகிற எடைமேடை அம்மா முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். லாரி டிரைவர் வந்து வண்டியின் தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். "என்னையே நான் இப்படித் தேய்ச்சுக் குளிச்சதில்லை" என்று அலுத்துக்கொண்டார். சாயங்காலம் சூடான ஜல்லியை மட்டும் போட்டு, மிச்சக் கறுப்பு போகிறவரை எந்திரத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள்.

பாதை போடுகிற அன்று முதல் சட்டியில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. டிகிரி அதை ஒதுக்கிக் கொட்டினார். இரண்டாவதிலும் ஒன்றிரண்டு இருந்தன, அதையும் கொட்டினார். யாரும் முணுமுணுக்கவில்லை. மூன்றாவது சட்டி திறந்தபோது, மஞ்சள் என்றால் மஞ்சள், கண்ணைப் பறிக்கிற மஞ்சள்! மேஸ்திரி விசிலடித்தார். ரோலரின் உருளையைத் துடைத்துத் துடைத்து உருட்டி, பொழுது சாய்வதற்குள் பாதையை முடித்தார்கள்.

இரண்டு நாள் கழித்து டிகிரி தங்கையோடு அதே பேருந்தில் போய் இறங்கினார். காவலாளி பழக்கத்தில் முழங்கையை நீட்டினார். பிறகு தானே பின்னுக்கு இழுத்துக்கொண்டு தள்ளி நின்றார். அவள் குனிந்து பார்த்தாள். ஒரு காலை எடுத்து வைத்தாள். அப்புறம் அடுத்தது. பாதி வழியில் நின்று திரும்பினாள்.

"அண்ணா, இந்த இடத்துல வலது பக்கமா வளையுதா?"

"ஆமாம்மா."

"மூணு வருஷமா நேர் வழின்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்!" என்றாள். "இவர் அவ்வளவு பதமா திருப்பிக் கூட்டிட்டுப் போயிருக்கார்."

காவலாளி வெட்கப்பட்டு வேறு பக்கம் பார்த்தார். அவள் மஞ்சளிலேயே வளைந்து, நடந்து, படியேறிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். டிகிரி சட்டைத் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு எஞ்சினியர் அம்மாவுக்குப் போன் போட்டார்.

"வேற ஒண்ணுமில்லை மேடம். நன்றி சொல்லத்தான்."

"எனக்கு எதுக்குங்க? தெரியலைன்னு சொன்னாங்க பாருங்க, அவங்களுக்குச் சொல்லுங்க" என்றார் அவர்.

நன்றி என்று வாயால் சொல்லி டிகிரிக்குப் பழக்கமே இல்லை. ஆனால் அன்றைக்கு ஆலைக்குப் போனதும் ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துச் சொன்னார். லாரி டிரைவருக்குப் புரியவில்லை. இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. மேஸ்திரியிடம் சொன்னபோது, மேஸ்திரி அவர் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி அனுப்பினார். கடைசியாக எடைமேடைக்குப் போனார்.

"எனக்குமா?" என்றார் அந்த அம்மா, கண்ணை அவசரமாகச் சிமிட்டிக்கொண்டு. "சரி சரி, சொல்லியாச்சில்ல? போய் எந்திரத்தைப் போடுங்க. நாலு லாரி நிக்குது."