பட்டியலில் நாலாவது பெயர்

என் தம்பி ஷௌகத் அலி எதையும் நேராகக் கேட்கமாட்டான். மட்டாஞ்சேரி பஜாரில் நாற்பது வருஷம் வியாபாரம் செய்தவன் அல்லவா, சுற்றி வளைத்துத்தான் வருவான். அன்று மீன் வாங்கி வந்தான், என் முழங்கால் வலியை விசாரித்தான், பிறகு மெல்ல ஆரம்பித்தான். "எஸ்டேட்டோட சரித்திரம் ஒரு நாலு பக்கம் எழுதித் தரணும்க்கா. வாங்கப்போற ரிசார்ட்காரர் கேக்கறாரு." வெளியே கிளம்பும்போது செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு, "அதுல சந்தனமாரி வேண்டாம்" என்றான்.

ஆக, மீன் அதற்குத்தான்.

நான் மெஹருன்னிசா. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவள். அரசர்கள் மறைத்ததையெல்லாம் பிள்ளைகளுக்குப் போட்டுடைத்தவளிடம் வந்து, சொந்த வீட்டுச் சரித்திரத்தில் ஒரு பெண்ணை மறைக்கச் சொல்கிறான். விற்கிற ஆசை கண்ணை மறைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ரஹ்மத் எஸ்டேட் மலையில், உடும்பஞ்சோலைக்கு மேலே, பாட்டனார் காட்டை வெட்டி உண்டாக்கிய ஏலக்காய்த் தோட்டம். காய் அங்கே உலர்ந்து, மூட்டையாகி, எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்து குடோனுக்கு வந்து சேரும். வேலையாட்கள் போடிப் பக்கத்துத் தமிழர்கள். எண்பது வருஷத்துக்கு முன்னால் சந்தனமாரி அவர்களில் ஒருத்தி, பத்தொன்பது வயது.

பச்சைக் காயை உலர்த்தும் அறைக்கு மலையில் ஸ்டோர் என்று பேர். சன்னல் கிடையாது. வெளியே அடுப்பில் விறகு எரியும், சூட்டுக் குழாய் அறைக்குள் ஓடும். காயைக் கிளறிவிட அவள் உள்ளே போனது தெரியாமல் ஒரு சாயங்காலம் வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டார்கள். அவள் கதவைத் தட்டியது தகரக் கூரைமேல் பெய்த மழையில் யாருக்கும் கேட்கவில்லை. காலையில் திறந்தபோது உயிர் இல்லை. எங்கள் வீட்டில் சொல்வது இவ்வளவுதான். தாழ்ப்பாள் போட்டது யார் என்று நான் கேட்கும்போதெல்லாம் அத்தாவுக்கு ஏதாவது அவசர வேலை வந்துவிடும்.

குடும்பத்தில் மவுத்தாகி மறைந்தவர்களுக்காக வருஷா வருஷம் ஃபாத்திஹா ஓதுவோம். அதில் சொல்லும் பெயர்களில் நாலாவதாக அவள் பெயரைப் பாட்டனாரே எழுதி வைத்துவிட்டுப் போனார். பட்டியல் தமிழில் இருக்கிறது. ஓத வரும் உஸ்தாதுக்குத் தமிழ் படிக்க வராது, தம்பி பிள்ளைகளுக்கும் மலையாளம்தான் வரும். அதனால் பெண்கள் பக்கத்துக் கதவருகே நின்று நான் பெயர் சொல்வேன், உஸ்தாத் திருப்பிச் சொல்வார். அந்த நாலாவது பெயர் வரும்போது புதிதாக வந்த உஸ்தாதுகள் ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பதுண்டு.

இந்த வருஷம் ஃபாத்திஹாவுக்கு ரிசார்ட்காரர் வெங்கிடேஸ்வரனையும் ஷௌகத் கூப்பிட்டிருந்தான். பாலக்காட்டு ஐயர், நெய்ச்சோற்றைத் தொடமாட்டார், அவருக்கென்று தனியாகப் பழமும் பாலும். மதியம் லுஹர் தொழுகை முடிந்து எல்லோரும் உட்காரும்போது ஷௌகத் கதவருகே வந்தான். "எனக்காகக்கா. இந்த ஒரு தடவை" என்றான். எனக்கு வாய்தான் பெரிசு. மூன்றாவது பெயரைச் சொன்னேன், அடுத்து ஐந்தாவதைச் சொன்னேன். உஸ்தாத் நிமிராமலே திருப்பிச் சொன்னார்.

கையேந்தித் துஆ ஓதுவது பாதியில் இருக்கும்போது குடோன் கதவு தட்டப்பட்டது.

கூடத்துக்கும் குடோனுக்கும் நடுவில் இருக்கிற கதவு. தாழ்ப்பாள் எங்கள் பக்கம். தெருப்பக்க ஷட்டர் பூட்டி நாலு வருஷமாகிறது, உள்ளே ஒரு சாக்குகூட இல்லை. முதலில் விட்டு விட்டுத் தட்டியது. பிறகு உள்ளங்கையால் அடிக்கிற சத்தம். வெளியே ஆடி மழை ஓட்டின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த மழையிலும் ஒவ்வொரு அடியும் தெளிவாகக் கேட்டது.

யாரும் தலை தூக்கவில்லை. உஸ்தாத் குரலை உயர்த்தினார். என் தம்பி மகள் ஃபிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெங்கிடேஸ்வரன் மட்டும் சுற்றிலும் பார்த்தார். "ஆரோ கதவைத் தட்டறாளே. உள்ள ஆள் உண்டோ?" என்று எழுந்தார்.

ஷௌகத் அவர் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். "எலி சார். மழைன்னா இப்படித்தான்."

அவரும் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு மலையிலும் இப்படித்தான் நடந்திருக்கும். ஒருவர் கேட்டிருப்பார், ஒருவர் எலி என்றிருப்பார், மற்றவர்கள் சோற்றுக்குக் காத்திருந்திருப்பார்கள். எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. மழையின்மேல் பழியைப் போட்டு எண்பது வருஷம் ஓட்டியிருக்கிறோம், அதில் நான் பிறந்ததிலிருந்து அறுபத்தாறு வருஷம் நானும் கூட்டு.

ஃபிதாவின் கையை விடுவித்துக்கொண்டு ஆண்கள் நடுவே நடந்தேன். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது, இரண்டு கையாலும் இழுத்தேன். கதவு திறந்ததும் அடுப்பு வாயைத் திறந்ததுபோல் சூடு முகத்தில் அடித்தது. உள்ளே யாரும் இல்லை. வெறும் சிமெண்டுத் தரை. உஸ்தாத் ஓதுவதை நிறுத்திவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்தார். அவருக்கும் வேர்த்திருந்தது.

"ஒரு பேரு விட்டுப்போச்சு உஸ்தாதே" என்றேன். "நான்தான் விட்டேன். சந்தனமாரி."

வெங்கிடேஸ்வரன், "அது ஆரு?" என்றார். சொன்னேன். ஸ்டோர், தாழ்ப்பாள், எல்லாம். மழையில் கேட்கவில்லை என்பது பொய் என்றும் சொன்னேன். அவர் பாலைத் தொடாமல் எழுந்தார். "அந்த ஸ்டோரை விருந்தாளிகளுக்கு ஆவிக் குளியல் அறையாக்கறதாயிருந்தேன்" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு, குடையைக்கூட விரிக்காமல் மழையில் இறங்கிப் போய்விட்டார்.

விற்பனை முறிந்தது என்று எல்லோருக்கும் புரிந்தது. வந்திருந்தவர்கள் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். ஷௌகத் குடோன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். சண்டைக்கு வருவான் என்று நானும் தயாராகவே போனேன்.

"காசு போச்சேன்னு உக்காந்திருக்கியா?" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அறுபது வயது முகம் குழந்தை மாதிரி கோணிக்கொண்டது.

"காசாக்கா? எனக்கு ஆறு வயசுலேருந்து இந்தத் தட்டற சத்தம் கேக்குது. எந்தக் கதவுன்னாலும், தினமும். எஸ்டேட்டு கைய விட்டுப் போனா நின்னுடும்னு நெனச்சேன்."

இத்தனை வருஷமும் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், எனக்குத் தெரியாது. அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இப்பவும் கேக்குதா?" என்றேன்.

அவன் ஆமாம் என்று தலையாட்டினான்.