ஒன்பதாவது கையெழுத்து

இப்போதெல்லாம் எவனும் கதவைத் திறப்பதில்லை. வாசலில் மணி அடித்தால் போனில் படம் தெரிகிறது. வந்தவன் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, உள்ளே மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்துகொள்கிறான். மானங்கெட்ட பழக்கம் என்று, அமெரிக்காவில், பேர்லேண்டில் மகன் வீட்டுக்கு வந்த ஆறு வருடமாக மாரிசாமி திட்டிக்கொண்டிருந்தார். போன மாதம் அதை அவரே செய்தார்.

வந்தவன் நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் செய்யது மீரான். காயல்பட்டினத்துக்காரன், அவருக்குப் பக்கத்து ஊர். அவன் மகன் அனஸ் காலேஜ் பையன். ஏதோ வீடியோவைப் பகிர்ந்து, கீழே கோபமாக நாலு வரி எழுதினான் என்று போலீஸ்காரர்கள் ஆறு வண்டியில் வந்து பிடித்துப் போனார்கள். ஜாமீன் இன்னும் கிடைக்கவில்லை. தெருக்காரர்கள் நல்ல பையன் என்று ஜட்ஜுக்குக் கையெழுத்துப் போட்டால் உதவும் என்று வக்கீல் சொல்ல, மீரான் காகிதத்தோடு வந்து நின்றான்.

"திறக்காதீங்கப்பா, கிரீன் கார்டுக்கு வினை" என்றான் மகன் சேனாபதி.

மாரிசாமி போனில் தெரிந்த மீரானின் முகத்தைப் பார்த்தபடியே இருந்தார். மூன்று முறை மணி அடித்தது. அந்த வீட்டு நோன்புக் கஞ்சியை வருடம் தவறாமல் வாங்கிக் குடித்த வாய்தான், திறக்கவில்லை.

இந்த மாதம் பிடிபட்டது எதிர்வீட்டு வெள்ளைக்காரப் பையன் டிரெவர். கராஜில் இரும்புக் குழாய்களும் வெடிமருந்தும், சுட வேண்டியவர்கள் என்று பதினோரு பேரை எழுதிய நோட்டும் கிடைத்தன. ஐந்தாம் நாள் எங்கே போனாலும் காட்டிக்கொடுக்கும் பட்டை ஒன்றைக் காலில் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாவம், மனசு சரியில்லாத பையன் என்றது தெரு. அவன் அம்மாவும் வழக்குக்கு உதவும் என்று அதே மாதிரி ஒரு காகிதத்தோடு வந்தாள்.

"போடுங்கப்பா, நெய்பர்" என்றான் சேனாபதி.

என்ன எழுதியிருக்கிறது என்றுகூட மாரிசாமி கேட்கவில்லை. ஒன்பதாவது ஆளாகத் தமிழில் போட்டார். அவருக்குத் தெரிந்த எழுத்து அதுதான்.

மறுநாள் குப்பைத்தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்த மீரான், அவரைக் கண்டதும் நின்றான்.

"அண்ணாச்சி கையெழுத்து அழகா இருக்கு."

மாரிசாமிக்குக் காது சுட்டது. "உன்கிட்டயும் வந்தாளா அவ?"

"வந்தா. ஒங்களுக்குக் கீழ நான் போட்டேன்."

"கிறுக்கனா வே நீ? உம்புள்ள உள்ள கெடக்கான்!"

"அவளும் பெத்தவதான. வாசல்ல போயி நிக்கிறது என்னன்னு எனக்குத் தெரியும்லா."

மாரிசாமி சட்டைப்பையில் பேனாவைத் தடவினார். "உன் காகிதத்தக் கொண்டா. இப்பமே போடுதேன்."

"அது போன வாரமே கோர்ட்டுக்குப் போயிட்டு அண்ணாச்சி. ரெண்டே பேருதான், என் மச்சானும் பள்ளிவாசல் இமாமும். தெருவுல இவன ஒருத்தருக்கும் தெரியாதான்னு ஜட்ஜு கேட்டாராம். ஜாமீன் இல்லன்னுட்டாரு."

மாரிசாமி பேனாவிலிருந்து கையை எடுத்தார்.

"விடுங்க. பயம்தான? எனக்கே இருக்கு."

பயமா? வெடிமருந்து வைத்திருந்தவன் அம்மாவுக்குக் கதவைத் திறந்தபோது அது எங்கே போயிருந்தது? கஞ்சி ஊற்றிய வீட்டைப் பார்த்து மட்டும் எப்படி வந்தது?

"பயம்ங்கியா வே?" என்றார் மாரிசாமி.

"பின்ன என்ன?" என்றான் மீரான்.

மாரிசாமி வீட்டைப் பார்த்து நடந்தார். அது பயம்தான் என்று நம்பிக்கை வரவில்லை அவருக்கு.