துரைக்கு இட்லி பஞ்சு, குணமணிக்குப் புட்டு மணல்

கெர்பாவ் ரோட்டுக் கடைவீடு ஒன்றின் மாடியில் இரண்டு குடும்பங்கள் இருந்தன. முன்னறையில் துறைமுகத்தில் வேலை பார்த்த தங்கராஜு, அவர் மனைவி சிவகாமசுந்தரி, நாலு வயது மகன் துரைசாமி. பின்னறையில் அரசாங்க ஆபீஸில் எழுத்து வேலை பார்த்த கிராணி பேரின்பநாயகம், அவர் மனைவி யோகம், அதே வயது மகள் குணமணி. அவர்கள் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தும் இவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்தும் கடல் கடந்து வந்தவர்கள். சமையலறை மட்டும் பொது. அவரவர் குடும்பத்துக்கு, காலையில் யோகம் சமைப்பாள், சாயங்காலம் சிவகாமி.

முன்னறைப் பிள்ளைக்குத் தாத்தாவின் பெயரை வைத்தபோது, அவன் அதை இவ்வளவு மெய்யாக எடுத்துக்கொள்வான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. துரை இட்லி வேண்டும் என்று உத்தரவிடுவார். சிவகாமி ஊறவைத்து, ஆட்டி, மறுநாள் ஊற்றிக் கொடுத்தால், "இது பஞ்சு" என்று தட்டைத் தள்ளிவிடுவார். ரசத்தில் இலை நீந்துகிறது. கத்தரிக்காய் கறுப்பாக இருக்கிறது. அவித்த முட்டை தன்னையே முறைத்துப் பார்க்கிறது.

பின்னறையில் குணமணி, குணத்தைப் பெயரோடு நிறுத்திக்கொண்டவள். புட்டு மணல், இடியப்பம் நூல், தேங்காய்ப்பால் சொதி மஞ்சள் தண்ணீர். யோகம் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஜன்னலில் காக்கையைக் காட்டுவாள், பால்காரரின் மாட்டைக் காட்டுவாள். காக்கை வாயைத் திறக்கும். மாடும் திறக்கும். மகள் மட்டும் திறக்க மாட்டாள்.

ஆனால் கீழே குழாயடியில் இருவரும் சந்தித்தால் கதையே வேறு.

"எங்க துரை எது போட்டாலும் சாப்பிட்டுருவான்" என்பாள் சிவகாமி.

"எங்கட பிள்ளையும் அப்பிடித்தான். கோப்பையை வழிச்சுத் துடைச்சு வைச்சிடுவாள்" என்பாள் யோகம்.

இப்படி இரண்டு உத்தமப் பிள்ளைகளைப் பெற்ற தாய்மார் அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு மாடியேறுவார்கள்.

ஒரு நாள் காலை சிவகாமி தேக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில், துரை சமையலறை வாசலில் வந்து நின்றான். யோகம் மரியாதைக்குக் கொஞ்சம் புட்டும் வாழைப்பழமும் பிசைந்து நீட்டினாள். அவன் தின்றுவிட்டுத் தட்டை மறுபடி நீட்டினான். யோகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் சமையலுக்கு ஒரு குழந்தை தட்டை நீட்டுவது அதுவே முதல் தடவை. மறுநாளும் அவன் வந்தான். அப்புறம் அம்மா மார்க்கெட்டுக்குப் போகும் நேரம் பார்த்துத் தினமும் வந்தான்.

"பாவம், அந்தப் பிள்ளைக்கு வீட்டிலை ஒழுங்காச் சமைச்சுக் குடுக்கிறேல்லைப் போல" என்றாள் கணவரிடம். அவர் பேப்பரைத் திருப்பினார்.

சாயங்காலங்களில் யோகம் காளியம்மன் கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து, குணமணி அதே வாசலில் நின்றாள். சிவகாமியின் இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்து விழுங்கினாள்.

"பாவங்க அந்தப் பொண்ணு, வீட்டுல என்னத்தத்தான் போடுறாங்களோ" என்றாள் சிவகாமி. தங்கராஜு ஏற்கெனவே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

இதை அடுத்த அறைக்காரியிடம் சொல்லி அவள் மனத்தைப் புண்படுத்த இருவருக்கும் மனம் வரவில்லை. அவ்வளவு பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மையின் ருசியும் லேசானதல்ல.

ஆனாலும் தன் பிள்ளை தன் கையால் சாப்பிடவில்லையே என்ற பயம் இருவரையும் அரித்தது. கடைசியில் சிவகாமி யாருக்கும் சொல்லாமல் துரையைக் குழந்தைகள் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே பெஞ்சில், யாருக்கும் சொல்லாமல் வந்த யோகம் குணமணியோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஊசி போட வந்தோம்" என்றாள் சிவகாமி.

"நாங்களும் ஊசிக்குத்தான்" என்றாள் யோகம்.

மிஸ்ஸி என்று எல்லாரும் கூப்பிட்ட நர்ஸ் மலாக்காவில் பிறந்த தமிழ்ப் பெண். துரையைத் தராசில் நிறுத்தினாள். சிவகாமி குரலைத் தாழ்த்தி, "ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கிறான் மிஸ்ஸி" என்றாள்.

"சாப்பிடாமலா இந்த வெயிட்டு? இவன் காத்தைத் தின்னா வளர்றான்?" மிஸ்ஸி அவனிடமே குனிந்தாள். "காலையில என்ன சாப்பிட்ட?"

"புட்டு" என்றார் துரை, அறை முழுக்கக் கேட்கும்படி. "யோகம் மாமி குடுத்தாங்க."

யோகத்தின் முகம் மலர்ந்தது. அது நெடுநேரம் மலர்ந்திருக்கவில்லை. பின்வாங்கத் தெரியாத குணமணி எழுந்து, "நான் சிவகாமி மாமியின்ரை இட்லி சாப்பிடுவன்! கனக்கச் சாப்பிடுவன்!" என்று அறிவித்தாள்.

மிஸ்ஸி இரண்டு தாய்மாரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பிள்ளைங்களை மாத்திக்குங்க லா. எனக்கு எதுக்கு வேலை குடுக்கிறீங்க?"

திரும்பும் வழியில் இருவரும் அவரவர் பிள்ளையை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். சிராங்கூன் ரோட்டைக் கடக்க நின்றபோது சிவகாமிதான் ஆரம்பித்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்கள் எனக்குச் சொன்னனீங்களோ?"

சிவகாமிக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் அழுகை வந்தது. "முதல் நாளே ஊறப்போட்டு ஆட்டிச் செய்றேன் யோகம். பஞ்சுங்கிறான்."

"இவள் மணல் எண்டிறாள்" என்றாள் யோகம். "போன கிழமை நான் அடுப்படியிலை இருந்து அழுதனான். அவர் வந்து, புகையோ எண்டு கேட்டார்."

சிவகாமி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

மறுநாள் முதல் தட்டுகள் முறைப்படி மாறின. காலையில் துரைக்கு யோகத்தின் புட்டு, மாலையில் குணமணிக்குச் சிவகாமியின் இட்லி, இரண்டும் பெற்ற தாயின் உத்தரவோடு. துரை புட்டை உற்றுப் பார்த்தான். "மணல்" என்றான். குணமணி இட்லியை விரலால் அமுக்கிவிட்டு, "பஞ்சு" என்றாள். களவாகத் தின்றபோது இருந்த ருசி அனுமதி கிடைத்ததும் போய்விட்டது. அகராதியை மட்டும் இரண்டு பேரும் மாற்றிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் தாய்மார் இருவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, மிஞ்சிய புட்டையும் இட்லியையும் தாங்களே போட்டுக்கொண்டார்கள். சிவகாமி முதல் முறையாகச் சொதியை ஊற்றிச் சாப்பிட்டாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நல்லா இருக்கே யோகம். இதுல புளி கிடையாதா?"

"இல்லை, கடைசியிலை தேசிக்காய்ப் புளி விடுறது" என்று எலுமிச்சம்பழத்தைக் காட்டினாள் யோகம். "உங்கட சட்னியை இன்னும் கொஞ்சம் போடுங்கோ."

பேச்சுக் குரல் கேட்டு இரண்டு பிள்ளைகளும் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"எனக்கு?" என்றான் துரை.

"போடா, இது பெரியவங்க சாப்பாடு" என்றாள் சிவகாமி. அவள் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். அன்றுதான் அவள் வயிறாரச் சாப்பிட உட்கார்ந்திருந்தாள்.

துரை தரையில் விழுந்து புரண்டான். குணமணி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். வேறு வழியில்லாமல் ஆளுக்கு ஒரு வாய் ஊட்டினார்கள். பிறகு இன்னொரு வாய். தட்டு காலியானது. யோகம் சிவகாமியைப் பார்த்து, மெல்லச் சட்டியில் இருந்ததையும் வழித்துப் போட்டாள்.

அடுத்த வாரம் முழுக்க எல்லாரும் தரையில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்டார்கள். கீழ்வீட்டுக்காரி வந்து, பிள்ளைகளைச் சாப்பிட வைக்கும் ரகசியத்தைக் கேட்டபோது, பிள்ளை வளர்ப்பைப் பற்றி இருவரும் அவளுக்கு விரிவாகவே புத்தி சொல்லி அனுப்பினார்கள்.

அவள் படியிறங்கிய கையோடு, குணமணி இனிமேல் வெள்ளையாக இருப்பதை மட்டும்தான் சாப்பிடுவேன் என்றாள். துரை, வெள்ளையாக இருக்கும் எதையும் தொடமாட்டேன் என்றான்.