விலை சொல்லாத கடை

வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது விலையைத்தான். லோரெட்டா சொல்லக் கூடாததும் அதைத்தான். டெக்சாஸ் சட்டம் அப்படி. கார் செய்கிற கம்பெனி நேரடியாக விற்கக் கூடாது, நடுவில் ஒரு டீலர் வேண்டுமாம். அதனால் அந்த ஷாப்பிங் மாலில் கண்ணாடிச் சுவர் வைத்த கடையில் மின்சாரக் காரைக் கண்காட்சிக்கு மட்டும் நிறுத்தியிருந்தார்கள். கதவைத் திறந்து காட்டலாம், உட்காரவைக்கலாம். விலை, தவணை என்று மூச்சுவிடக் கூடாது. "இணையதளத்துல பாருங்க" என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்ல வேண்டும். டீலர் ராய்ஸ் டிட்வெல்லின் பெட்ரோல் கார் ஷோரூமில் பதினோரு வருஷம் வாயாலேயே பிழைத்தவளுக்கு இது என்ன பிழைப்பு? ஆனால் புருஷன் டார்லுக்கு முதுகு அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது. இந்த வேலையோடு வரும் மருத்துவக் காப்பீடு இல்லையென்றால் அவன் எழுந்து நடக்கப்போவதில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வெண்டல் வந்தான். டிட்வெல்லிடம் அவளுக்குப் பக்கத்து மேசைக்காரன். ஆள்குறைப்பு என்று அவளைத் துரத்திய அதே மாதம் அவனையும் துரத்தியிருந்தார்கள்.

"என்ன வெண்டல், காத்தடிச்சா பறந்துருவ போலிருக்கே."

"டாக்சி ஓட்டலாம்னு இருக்கேன் லோரா. பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகாது. இதுக்கு மாசம் எவ்வளவு ஆவும்?"

"இணையதளத்துல பாரு."

"எங்கிட்டயுமா? டார்ல் படுத்த படுக்கையா கிடந்தப்ப உன் சனிக்கிழமை வேலையெல்லாம் யாரு பார்த்தா?"

பார்த்தது அவன்தான். அவன் கண் வேறு கலங்கிவிட்டது. பாவி மனசு கேட்கவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

"அறுநூறு டாலர். முன்பணம் நாலாயிரம். யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காத."

வெள்ளிக்கிழமை மேலாளர் பிரியானா அவளை உள்ளே கூப்பிட்டு ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினாள். டீலர்கள் அரசாங்கத்துக்குப் புகாரோடு அனுப்பியதாம். முன்பணம் வரை லோரெட்டாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"கடைய மூடவச்சிருவீங்க போல. இன்னியோட நின்னுக்கங்க. காப்பீடு மாசக் கடைசி வரைக்கும் இருக்கும்."

டார்லுக்கு அறுவை அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி. அதைச் சொல்ல வாயெடுத்தாள். பிரியானா அடையாள அட்டைக்குக் கை நீட்டியபடி இருந்தாள்.

சாமான்களை ஓர் அட்டைப்பெட்டியில் அள்ளிக்கொண்டு வெளியே வந்தால், அவள் கார் பக்கத்தில் வெண்டல். டிட்வெல் பெயர் தைத்த புதுச் சட்டை.

"நாசமாப் போவடா."

"திட்டு. திட்டவேண்டியதுதான். எனக்கும் வேற வழியில்ல லோரா. டிட்வெல் என் நாற்காலிய திருப்பிக் குடுத்துட்டாரு. உன்னோடதும் காலியாத்தான் கிடக்கு, சேர்ற அன்னிக்கே காப்பீடுன்னு சொல்றாரு." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இதே கம்பெனியோட டாலஸ் கடையில ஒரு பொண்ணு நிக்கிறாளாம். இரக்க சுபாவமாம். ஒரு தடவ போயிட்டு வந்தா போதும்."

கட்டைவிரல் அளவுக் கறுப்பு ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை அட்டைப்பெட்டியின் மேல் வைத்தான். அவன் முகத்தில் காறித் துப்பவேண்டும் என்று லோரெட்டாவுக்கு வந்தது. வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. பெட்டியைக் கார் மேல் இறக்கிவைத்தாள்.

"அவளுக்குப் பிள்ளகுட்டி இருக்கா?"

"ரெண்டு."

லோரெட்டா கருவியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதை முடுக்கும் பொத்தான் எந்தப் பக்கம் என்று அவள் விரல் தடவிக்கொண்டிருந்தது.